புஸ்பம் சொன்ன மறுகா

அன்று காலை அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. வீட்டில் ஒருவரும் புஸ்பத்தோடு பேசவில்லை.

வலையிறவுப் பாலம் தாண்டி வாவிக்கரையோடு போனால் வருகிற அந்த வீடு, மற்ற நாட்களில் அந்த நேரத்துக்குச் சந்தை மாதிரி இருக்கும். புருஷன் இளையதம்பி வயல் வட்டைக்குப் புறப்படுகிற அவசரத்தில் மண்வெட்டியைத் தேடுவார். அவருடைய அக்கா சீதேவிப்பிள்ளை, தேத்தண்ணிக்குச் சீனி போட்டதா, காட்டினதா என்று கேட்பாள். மருமகன் மதுரன் மோட்டார்சைக்கிள் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுவான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீசு படிப்பிக்கிற வாத்தியார், பாவம். மகள் கேதீஸ்வரி எட்டு மாதம் முடிந்த வயிற்றைத் தாங்கிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்று, "அம்மா, பசிக்குது" என்பாள். அத்தனை பேருக்கும் நடுவில் புஸ்பம் இரண்டு கையோடு நாலு பேரின் வேலையைச் செய்துகொண்டிருப்பாள்.

இன்று நாலு பேரும் பேச்சில்லாமல் மேசையைச் சுற்றி இருந்தார்கள். மேசை நடுவில் புஸ்பத்தின் கிளினிக் கொப்பி விரித்தபடி கிடந்தது. அவள் சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்து, புட்டைப் போட்டு, வாழைப்பழத்தையும் தேங்காய்ப்பூவையும் பக்கத்தில் தள்ளினாள்.

"தின்னுங்க எல்லாரும். நான் மறுகா."

ஒரு கையும் கோப்பைக்குப் போகவில்லை.

மறுகா என்றால் பிறகு. மட்டக்களப்பில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். வெளியூராருக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் புஸ்பத்தின் வாயில் அந்தச் சொல் பிறகு என்று மட்டும் நிற்பதில்லை. உங்களுக்கு முதலில் ஆகட்டும், எனக்கு ஆகாவிட்டாலும் பரவாயில்லை என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். தாதிப் படிப்புக்குத் தெரிவாகிக் கடிதம் வந்தபோது மாமியார் பாயோடு கிடந்தாள். "மறுகா பாப்பம்" என்றாள் புஸ்பம். கடிதம் பெட்டிக்குள் போனது, பெட்டியைக் கறையான் தின்றது. பல் வலி, மூக்குக்கண்ணாடி, தங்கை வீட்டுக்கு ஒருதரம் போய்த் தங்கிவருவது எல்லாமே மறுகாதான். இந்த வருஷத் தொடக்கத்தில் வயிறு ஊதத் தொடங்கியது. இரண்டு பிடி சோறு தின்றதுமே நெஞ்சுவரை நிரம்பின மாதிரி இருந்தது. வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணி குடித்தாள். ஆசுபத்திரிக்குப் போவோம் என்று மகள் கேட்டபோதும் மறுகா என்றாள். எல்லாரும் தின்றபிறகு தின்னுகிறவள் எவ்வளவு தின்றாள் என்று எந்த வீட்டில் பார்க்கிறார்கள்? சேலை இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் கேதீஸ்வரி அழுது அடம்பிடித்துத் தாயைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் ஒரு கட்டி, ஒப்பரேசன் செய்து எடுக்கவேண்டும் என்று வீட்டார் வந்து சொன்னார்கள். புஸ்பமும் கட்டி என்றுதான் நம்பியிருந்தாள்.

"மாமி, இஞ்ச கொஞ்சம் இரிங்க" என்றான் மதுரன். அவன் குரல் வழக்கமான குரலாக இல்லை. "ஒப்பரேசன் திகதி பாக்க எண்டு இப்பதான் உங்கட கொப்பியத் திறந்தன். நீங்க ஒப்பரேசனுக்கு உடன்படல்ல எண்டு டொக்டர் எழுதியிரிக்கார். கீழ உங்கட கையெழுத்து. பட்டியல்ல இருந்து உங்கட பேரையும் எடுத்தாச்சு."

"கையெழுத்து வச்சன்தான்" என்றாள் புஸ்பம். அவளுக்கு அதில் ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. "இப்ப என்னத்துக்குத் தம்பி அவசரம்? ஒரு கட்டிதானே."

கேதீஸ்வரி விம்மத் தொடங்கினாள்.

"ஒரு கட்டிதானே எண்டு எப்பிடியம்மா சொல்றீங்க? என்ட பிள்ளைட முகத்தப் பாக்க உங்களுக்கு ஆசை இல்லையா? முதல் பிள்ளை அம்மா. உங்கட மடியில போடத்தானே நான் இவ்வளவு நாளும் காத்துக்கொண்டு கிடக்கன்."

"அதுக்காகத்தான் மகள்..."

"எதுக்காக?" என்று குறுக்கே விழுந்தாள் சீதேவிப்பிள்ளை. "இவ எப்பவும் இப்பிடித்தான். தான் பட்டினி கிடந்து மத்தவங்களக் குற்றவாளியாக்கிற. நாளைக்கு இவ கண்ண மூடினா ஊர் ஆரச் சொல்லும்? தம்பிட பொஞ்சாதிட வீட்டில பதினொரு வருஷமாக் கிடந்து தின்ற என்னத்தான் சொல்லும். சீதேவிப்பிள்ளை பாத்துக்கொண்டு நிண்டாள், அவள் வயித்தில புத்துநோய வச்சுக்கொண்டு அடுப்பெரிச்சாள் எண்டு சொல்லும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று சீதேவிப்பிள்ளைக்கு உறைத்தது. வாயைப் பொத்தினாள். இளையதம்பி நாற்காலியிலிருந்து பாதி எழும்பி அப்படியே நின்றார்.

புஸ்பம் முதலில் போய் அடுப்பை அணைத்தாள். எரிகிற அடுப்பை விட்டுவிட்டு அழ அவளுக்குத் தெரியாது. புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியை இறக்கி வைத்தாள், கையைச் சேலையில் துடைத்தாள், பிறகு வந்து கதவு நிலையோடு சாய்ந்துகொண்டாள்.

"அப்ப இது கட்டி இல்லையா?"

இளையதம்பி மெல்ல நாற்காலியில் இருந்துகொண்டார்.

"இஞ்சாருங்க, உங்களுக்கு எத்தின நாளாத் தெரியும்?"

"ஒரு மாசம்" என்றார் இளையதம்பி. நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "சூலகத்தில எண்டு சொன்னாங்க. சந்தேகம்தான், ஒப்பரேசன் செஞ்சாத்தான் முழுக்கத் தெரியுமாம். உன்னட்டச் சொல்ல வேணாமெண்டு நான்தான் டொக்டர்ட கையப் பிடிச்சுக் கேட்டன். நீ உடைஞ்சு போயிருவாய் எண்டு பயந்துபோனன்."

"மகளுக்கும் தெரியும். மருமகனுக்கும் தெரியும். மச்சாளுக்கும் தெரியும்." அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "வயிறு மட்டும் என்ட."

கேதீஸ்வரி மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"கல்யாணம் முடிச்ச வருஷம் ஆமி சுத்திவளைப்பு நடந்திச்சே, அண்டைக்கு உங்கள வைக்கல் போருக்குள்ள தள்ளிப்போட்டு, வாசல்ல நெல்லுக் குத்திக்கொண்டு நிண்டது ஆரு? துவக்கோட வந்தவன் புருஷன் எங்க எண்டு கேக்கக்குள்ள என்ட உலக்கை நிண்டுதா? அண்டைக்கு உடையாதவள் இண்டைக்கு ஒரு சொல்லுக்கு உடைஞ்சு போவன் எண்டு நினைச்சீங்களே." இதைச் சொல்லும்போதுதான் அவள் கண்கள் நிரம்பின. நோய் என்றதும் வராத கண்ணீர், தன்னைத் தன் புருஷனே அறியவில்லையே என்றதும் வந்தது. "நான் ஒப்பரேசன் வேணாமெண்டு சொல்லல்ல. மறுகா எண்டன். கட்டிதானே, பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் கழியட்டும், மகளுக்குக் காயம் அரைச்சுக் குடுத்திட்டுப் போவம் எண்டு நினைச்சன். இது இன்னது எண்டு தெரிஞ்சிருந்தா அப்பிடிச் சொல்லியிருப்பனா?"

பிள்ளை பெற்றவளுக்கு மஞ்சளும் மிளகும் திப்பிலியும் உள்ளியும் அரைத்துக் காய்ச்சிக் கொடுக்கிற காயம், அந்த வீட்டில் தாயின் கையால்தான் அரைபடும். புஸ்பத்துக்கு அவள் தாய் அரைத்தாள். மகளுக்கு முறைப்படி சரக்கு வாங்கி, வெயிலில் காயவைத்து, தகரப் பேணியில் போட்டு மாதம் ஒன்றாகிறது. அந்தப் பேணிக்காகத்தான் அவள் கட்டியைத் தள்ளிவைத்தாள். அந்தக் கட்டியின் பெயரைத்தான் இவர்கள் அவளிடமிருந்து ஒளித்துவைத்தார்கள்.

மதுரன் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கடைசித் தாளைத் திருப்பினான். அங்கே நீல மையில் ஒரு போன் நம்பரும், அஸீமா என்ற பெயரும் இருந்தன.

"இது ஆரு மாமி?"

"காத்தான்குடிப் பிள்ளை. ஆசுபத்திரியில நேர்ஸ். இந்த மாதிரி வயித்து வருத்தம் வந்த பொம்புளையளப் பத்தி ஏதோ ஆராய்ச்சி செய்றாங்களாம், அதுக்கு என்னோடயும் கதைக்கணும் எண்டு கேட்டிச்சு. மச்சாள் வெளிய வாங்குப் பலகையில பசியோட குந்திக்கொண்டு இருந்தா, பஸ்ஸும் போயிரும். மறுகா வந்து கதைக்கன் மகள் எண்டன். சரிம்மா எண்டு நம்பர எழுதித் தந்திச்சு."

மதுரன் உடனே அழைத்தான். எல்லாருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தான். விஷயத்தைத் தன் வாத்தியார்த் தமிழில் விளக்கத் தொடங்கியவனை அந்தப் பக்கத்துக் குரல் பணிவாக நிறுத்தியது.

"குறை நினைக்காதீங்க சேர். நான் முதல்ல அம்மாவோடதான் கதைக்கணும். அம்மா பக்கத்தில இரிக்காவா?"

புஸ்பம் கதவு நிலையை விட்டு வந்து மேசையருகில் இருந்தாள். அந்தக் காலையில் அவளைக் கேட்டுத்தான் பேசவேண்டும் என்று நினைத்த முதல் ஆள் அந்தப் பிள்ளைதான்.

"அம்மா, உங்கட தாளில மறுத்திட்டா எண்டு கண்டு எனக்கும் மனம் சரியில்லாமப் போச்சு. அண்டைக்கு என்ன நடந்த எண்டு நீங்களே சொல்லுங்க."

"அந்த டொக்டர் தம்பி, வாற கிழமைக்கு ஒப்பரேசன் திகதி போடட்டா எண்டு கேட்டார். மறுகா எண்டன். மறுக்கிறியளோ எண்டோ என்னமோ கேட்டார். சுத்திவரச் சனம், சத்தம். எனக்கு மறுகாவோ எண்டுதான் விளங்கிச்சு. ஓம் தம்பி, மறுகாதான் எண்டு நல்லா அழுத்திச் சொன்னன். ஏன் எண்டு கேட்டார். மகளுக்குப் பிள்ளை கிடைக்க இரிக்கி எண்டன். கொஞ்ச நேரம் என்னப் பாத்தார். மறுகா கொப்பியில ஏதோ எழுதித் தந்தார். திகதி தள்ளிப் போடுறதாக்கும் எண்டு நினைச்சுக் கையெழுத்து வச்சன்."



"அல்லாஹ்வே" என்றாள் அஸீமா மெதுவாக. "டொக்டர் விஜிதரன் யாழ்ப்பாணம் அம்மா. இஞ்ச வந்து ரெண்டு மாசம்தான். மறுகா எண்டா என்னெண்டு அவருக்குத் தெரியா. நீங்க மறுக்கிறீங்க எண்டு எழுதிட்டார்."

இளையதம்பி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். கேதீஸ்வரி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக மறுபடி அழுதாள். சீதேவிப்பிள்ளை மட்டும் அசையவில்லை.

"அம்மா, நான் இப்பவே போய் அவரோட கதைக்கன்" என்றாள் அஸீமா. "ஆனா ஒண்டு சொல்லணும். பட்டியல்ல பேர் வெட்டினா அடுத்த இடம் கிடைக்க ஒண்டரை மாசம் ஆகும். உங்களுக்கு அவ்வளவு நாள் சுணங்கக் கூடா. நாளைக்கு விடிய வாங்க. என்னால ஏலுமான எல்லாம் செய்றன்."

அன்று முழுவதும் அந்த வீட்டில் மன்னிப்புகள் சமையலறைப் பக்கமாகவே வந்துபோயின. இளையதம்பி வட்டைக்குப் போகவில்லை; விறகு கொத்தினார், கொத்தின விறகையே மறுபடி கொத்தினார். மதுரன் கிணற்றில் தண்ணீர் அள்ளி வைத்தான். புஸ்பம் ஒருவரையும் ஏசவில்லை. பேசவும் இல்லை. ஒண்டரை மாதம் என்ற சொல் மட்டும் அவளோடு கூடக்கூட நடந்தது. ஒண்டரை மாதத்தில் ஒரு வயிற்றுக்குள் என்னவெல்லாம் வளரலாம் என்று, பிள்ளை பெற்றவளுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை ஐந்து பேரும் ஆசுபத்திரிக்குப் போனார்கள். கேதீஸ்வரியை வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள், அவள் கேட்கவில்லை. கிளினிக் அறைக்குள் புஸ்பம் நுழைந்ததும் அந்த இளம் டொக்டர் எழுந்து நின்றார். முகத்தைப் பார்த்தால் அவரும் சரியாக நித்திரை கொள்ளாத ஆள்தான்.

"அம்மா, பிழை என்னிலதான்" என்றார் விஜிதரன். "நீங்கள் சொன்னது எனக்கு விளங்கேல்லை. விளங்காத சொல்லை விளங்கினதா நினைச்சு எழுதிப்போட்டன். இன்னொருக்காக் கேட்டிருக்க வேணும். நேற்றுப் பெரிய டொக்டரிட்டப் போய் நடந்ததை அப்பிடியே சொன்னனான். வாற வியாழக்கிழமை உங்களுக்கு இடம் எடுத்திருக்கிறம்."

வியாழக்கிழமை. இன்னும் ஆறு நாள்.  அங்கே நின்ற அஸீமா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருத்தினாள்.

"தம்பி, நானும் இன்னொருக்கா விளங்கச் சொல்லியிருக்கணும்" என்றாள் புஸ்பம். "பெரியாக்களுக்கு முன்னால பிழைய ஒத்துக்கொள்ள எல்லாருக்கும் மனம் வராது. நீங்க நல்லாரிக்கணும்."

விஜிதரன் கதிரையை அவளுக்கு நேராகத் திருப்பி இருந்துகொண்டார். முந்தின தடவை அவர் கொப்பியைப் பார்த்துக்கொண்டு பேசியது அவளுக்கு ஞாபகம் வந்தது. இப்போது அவளைப் பார்த்துப் பேசினார்.

"எங்கட ஆய்விலயும் முதல் கேள்வி இதுதான் அம்மா, நான்தான் கேக்காம விட்டனான். உங்கட வருத்தத்தைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியவேணும்? சிலபேர் எல்லாம் கேப்பினம். சிலபேர் கொஞ்சம் போதும் எண்டுவினம். ரண்டும் சரிதான். ஆர் ஆர் கூட இருக்கவேணும் எண்டதும் உங்கட விருப்பம்."

வாசலில் நின்ற நாலு பேரையும் புஸ்பம் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாம் தெரியணும். இந்தப் பிள்ளை மட்டும் என்னோட இரிக்கட்டும்" என்று அஸீமாவின் கையைப் பிடித்தாள். "நீங்க நாலு பேரும் வெளிய வாங்குல இரிங்க. மறுகா நானே வந்து சொல்றன்."

இளையதம்பி வாயெடுத்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது. ஒரு மாதமாக அவள் இருந்த பக்கத்தில் இப்போது அவர்கள் இருந்தார்கள்.

உள்ளே விஜிதரன் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். கருப்பைக்கு இருபுறமும் இரண்டு சூலகம். அதில் ஒன்றில் கட்டி. இரத்தச் சோதனையையும் ஸ்கேனையும் பார்த்தால் புற்றுநோயாக இருக்கத்தான் அதிக இடமுண்டு. வயிற்றுக்குள் கொஞ்சம் பரவியிருக்கவும் கூடும். அப்படியென்றால் மூன்றாம் நிலை. ஒப்பரேசனில் எவ்வளவுக்கு முழுதாக எடுக்க முடிகிறதோ அவ்வளவுக்கு நல்லது. அதற்குப் பிறகு மருந்து ஏற்ற வேண்டும், தலைமுடி கொட்டும், பிறகு முளைக்கும்.

"எத்தின நாளைக்கு இரிப்பன் தம்பி?"

அவர் பொய் சொல்லவில்லை.

"கனபேருக்கு நல்லா வருசக்கணக்கில போகுது. சிலபேருக்குத் திரும்பி வருது, திரும்ப வைத்தியம் செய்யிறம். இந்த வருத்தம் ஆருக்கு எப்பிடிப் போகும் எண்டு அறியத்தான் நாங்களும் ஆய்வு செய்யிறம். எங்களிட்ட ஒரு கணக்கு இருக்கு அம்மா. ஆனா அது ஆயிரம் பேரின்ர கணக்கு. அதை வச்சு உங்கட நாளை நான் எண்ணேலாது. ஒப்பரேசன் முடிய இன்னும் தெரியவாறது எல்லாம் உங்களுக்குத்தான் முதல் சொல்லுவன்."

புஸ்பம் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பயம் வந்தது, வராமல் என்ன? ஆனால் அந்தப் பயம் அவளுடையதாக இருந்தது. ஒரு மாதமாக வீட்டில் எல்லார் முகத்திலும் என்னவென்று தெரியாத ஒன்றைக் கண்டு கண்டு பயந்ததைவிட, பெயரும் இடமும் தெரிந்த இந்தப் பயம் சுமக்கக்கூடியதாக இருந்தது. அஸீமா அவள் கையை விடவேயில்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்தபோது வாங்கில் நாலு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சோதனை முடிவுக்குக் காத்திருப்பதுபோல இருந்தார்கள். புஸ்பம் மகளின் பக்கத்தில் இருந்து, கேட்டதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மூன்றாம் நிலை என்பதையும் சொன்னாள், திரும்பி வரலாம் என்பதையும் சொன்னாள். கடைசியாக, "இனிமேல் என்ட வருத்தம் எனக்கு முதல்ல தெரியணும். அது ஒண்டுதான் நான் உங்களட்டக் கேக்கிற" என்றாள்.

இளையதம்பி அத்தனை சனத்துக்கு நடுவில் அவள் கையைப் பிடித்தார். முப்பத்து மூன்று வருஷத்தில் வெளியிடத்தில் அவர் அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"என்ன மன்னிச்சிரு புஸ்பம். நான்தான் உடைஞ்சுபோவன் எண்டு பயந்தன். உன்ட பேர்ல சாட்டிட்டன்."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "கண்ணத் துடைங்க. சனம் பாக்குது."

அன்று பின்னேரம் புஸ்பம் குசினிக்குள் போய்த் தகரப் பேணியை எடுத்துக்கொண்டு வந்தாள். பின்வாசற்படியில் சீதேவிப்பிள்ளை வாவியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். முந்தின நாளிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. அலுமாரிக்குப் பக்கத்தில் அவளுடைய உடுப்புப் பை கட்டியபடி இருந்ததைப் புஸ்பம் கண்டிருந்தாள்.

சீதேவிப்பிள்ளைக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள், இரண்டும் வெளிநாட்டில். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் போகும். தாய் தன் கடைசிக் காலத்தை மகளோடுதான் கழிப்பாள். மகள் இல்லாத சீதேவிப்பிள்ளை, புருஷன் செத்த பிறகு தம்பியிடம் வந்து சேர்ந்தாள். தம்பியின் வீடு என்று சொல்வதே தவிர, அது புஸ்பத்தின் சீதனவீடு, இப்போது கேதீஸ்வரியின் வீடு. அந்த நினைப்பு அவளைப் பதினொரு வருஷமாக முள்ளாகக் குத்தியது. அந்த முள்ளால்தான் அவள் எல்லாரையும் குத்தினாள்.

"பைய ஆருக்குக் கட்டி வச்சிரிக்கீங்க மச்சாள்?"

"என்ட நாக்கால உனக்கு நோயச் சொன்னன். இனி இந்த வீட்டில என்ன முகத்தோட இரிக்கிற?"

"நீங்க சொல்லாட்டி நான் இண்டைக்கும் கட்டி எண்டுதான் நினைச்சுக்கொண்டு இரிப்பன். ஒண்டரை மாசமும் போயிருக்கும்." புஸ்பம் பேணியை அவள் மடியில் வைத்தாள். "வியாழக்கிழமை எனக்கு ஒப்பரேசன். பிள்ளை பிறக்கக்குள்ள என்னால குனிஞ்சு அம்மி பிடிக்க ஏலாது. கேதீஸ்வரிக்குக் காயம் நீங்க அரைங்க."

சீதேவிப்பிள்ளை பேணியைத் தொடாமல் கையை விலக்கிக்கொண்டாள்.

"விசரா உனக்கு? அது தாய் செய்ற வேலை. நான் பொம்புளப்பிள்ள பெறாதவள். என்ட கையால ஒருத்திக்கும் அரைச்சதில்ல."

"தெரியும். அதாலதான் தாறன்."

சீதேவிப்பிள்ளை பேணியோடு சேர்த்துப் புஸ்பத்தை இழுத்து அணைத்துக்கொண்டு, புருஷன் செத்த வீட்டில்கூட அழாத அழுகை அழுதாள். "என்ட தாயே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். புஸ்பமும் அழுதாள். எதற்கென்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. ஒரு மாதமாக, இல்லை, முப்பத்து மூன்று வருஷமாக மறுகா அழலாம் என்று வைத்திருந்தது அது.

வியாழக்கிழமை ஒப்பரேசன் நடந்தது. நோய் மூன்றாம் நிலைதான். கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துவிட்டோம் என்று விஜிதரன் வார்டுக்கு வந்து சொன்னார். வெளியே நின்ற இளையதம்பியைத் தாண்டி வந்து, மயக்கம் தெளிந்து கிடந்த புஸ்பத்திடம்தான் முதலில் சொன்னார். மூன்று கிழமையில் கேதீஸ்வரிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. சீதேவிப்பிள்ளை அதிகாலையில் குளித்து, ஈரத்தலையோடு அம்மிக்கு முன்னால் இருந்தாள். பக்கத்தில் கட்டிலைப் போடச் சொல்லிச் சாய்ந்திருந்த புஸ்பம், "மிளகு இன்னும் கொஞ்சம் மச்சாள், உள்ளி காணும், போதும்" என்று அளவு சொன்னாள். வாயால் அரைப்பவளும் கையால் அரைப்பவளுமாக அந்த முப்பது நாளும் போயின.

முப்பத்தொன்றாம் நாள் வீடு கழுவி, துடக்குக் கழித்து, சமையல் நடந்தது. இரண்டாம் மருந்து ஏற்றி ஒரு கிழமை ஆகியிருந்தது. புஸ்பத்தின் தலையில் முடி இல்லை. மகளின் பருத்திச் சால்வையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். மடியில் பேத்தி கிடந்தாள். காத்தான்குடியிலிருந்து ஒரு பெட்டி தொதல் இனிப்போடு அஸீமா வந்திருந்தாள்.

"மறுகா வந்து கதைக்கன் எண்டீங்களேம்மா. நீங்க வரக் காணல்ல, நான் வந்திட்டன்" என்று சிரித்தபடி தன் கேள்வித் தாளை எடுத்தாள். "டொக்டர் இப்ப எங்கட ஊர்ச் சொல்லெல்லாம் எழுதி மேசையில ஒட்டி வச்சிரிக்கார். முதல் சொல்லு என்னெண்டு சொல்லத் தேவையில்ல."

"போன கிழமை என்னட்ட, மறுகா வாங்கோ அம்மா எண்டார்" என்றாள் புஸ்பம். "மறுகா நம்மட. வாங்கோ அவங்கட. ரெண்டையும் கலந்து வச்சிரிக்கார் தம்பி."

ஆய்வுத் தாளில் கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது. இந்த வைத்தியத்தில் உங்களுக்கு எது முக்கியமாக இருந்தது? புஸ்பம் பேத்தியின் சின்ன விரல்களை விரித்துப் பார்த்தபடி யோசித்தாள்.

"நான் சொல்றது விளங்கல்ல எண்டா திரும்பக் கேக்கணும். கேட்டாங்க. அதால நான் இஞ்ச இரிக்கன். அப்பிடியே எழுதுங்க மகள்."

அஸீமா எழுதினாள். எழுதும்போது அவள் கண்ணைத் துடைத்ததைப் புஸ்பம் காணாததுபோல இருந்தாள்.

நாளைக்கு என்ன என்று புஸ்பத்துக்குத் தெரியாது. இன்னும் நாலு தடவை மருந்து கிடந்தது. ஆனாலும் மடியில் கிடந்த பாரத்துக்கும், சுற்றி நின்ற ஆட்களுக்கும், வாவியிலிருந்து வந்த காற்றுக்குமாக அவள் மனதுக்குள் கும்பிட்டாள். ஒன்றையும் விட்டுவிடாமல் கும்பிட்டாள்.

சமையல் இறங்கியது. எல்லாரும் பாயில் இருந்தார்கள். பழக்கதோஷத்தில் புஸ்பம் பேத்தியை மகளிடம் கொடுத்துவிட்டு, அகப்பை எங்கே என்று எழும்பினாள். "தின்னுங்க எல்லாரும்" என்று வாயும் தொடங்கிவிட்டது.

முன்னால் சீதேவிப்பிள்ளை நின்றாள். கையில் ஒரு கோப்பை. சோறு, பருப்பு, முருங்கைக்காய்க் கறி, ஓரத்தில் ஒரு பொரியல். எல்லாரும் கூடியிருந்து சாப்பிடுகையில் புஸ்பத்துக்கென்று அவள் முதலில் போட்ட கோப்பை, பதினொரு வருஷத்தில் அது ஒன்றுதான்.  புஸ்பம் என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் ஒருவரும் கோப்பையில் கை வைக்கவில்லை.

புஸ்பம் அந்தக் கோப்பையைப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, வயிற்றுக்குள் பழைய ஒரு உணர்ச்சி எழும்புவதை அறிந்தாள். அது என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தாங்க மச்சாள்" என்று இரண்டு கையையும் நீட்டினாள். "எனக்குப் பசிக்குது."